பெண்கள் பாடசாலைக்கு மாற்றினால் பெறுபேறு கூடுமா?

கேள்வி: என் மகள் வத்தேகமயில் ஒரு தமிழ்க் கலவன் பாடசாலையில் படிக்கிறாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். கண்டியில் இருக்கும் என் நாத்தனார், “பொம்பளப் பிள்ளையைப் பொம்பளப் பிள்ளைகள் ஸ்கூலில் போடு, அங்கேதான் ரிசல்ட் வரும், கவனமும் சிதறாது” என்கிறார். நல்ல பெறுபேறு எடுக்கும் பெரிய பாடசாலைகள் எல்லாம் ஆண்கள் கல்லூரியாகவோ மகளிர் கல்லூரியாகவோ இருப்பதைப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால் பெறுபேறு குறைவது ஏன்?

— ஒரு தாய், வத்தேகம

பதில்: சகோதரி, முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கேள்வியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பெறுபேறு குறைகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. குறைகிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டு, காரணத்தை மட்டும் என்னிடம் கேட்கிறீர்கள். நாட்டில் பல பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகவே காரணத்துக்குப் போகும் முன் அந்தத் தீர்ப்பையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

பெறுபேற்றை எப்படி ஒப்பிடுகிறோம் என்பதில் தொடங்கலாம். இலங்கையில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சராசரியாகப் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளே கூடுதலாகச் சித்தி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். எண்கள் என் கற்பனை, கணக்கு மட்டும் உண்மை. ஒரு கலவன் பாடசாலையில் 40 பெண் பிள்ளைகள், 40 பையன்கள் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். பெண்களில் 32 பேரும் பையன்களில் 24 பேரும் சித்தி. மொத்தம் 80க்கு 56, அதாவது 70 சதவீதம். பக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரி. அங்கே 80 பெண்கள் எழுதி 64 பேர் சித்தி, 80 சதவீதம். ஊர் என்ன சொல்லும்? மகளிர் கல்லூரி பத்து சதவீதம் மேல் என்று சொல்லும். ஆனால் கலவன் பாடசாலையின் பெண்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்: 40க்கு 32, அதுவும் 80 சதவீதம்தான். உங்கள் மகளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. குறைந்தது பையன்களின் பெறுபேறு; பழி விழுந்தது சேர்ந்து படித்ததன் மேல்.

இது ஒரு படி. “அப்படியானால் ஆண்கள் கல்லூரிகளும் நன்றாகத்தானே செய்கின்றன?” என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் கண்டியின் பழைய கதையில் இருக்கிறது.

கண்டி நகரின் பேர்பெற்ற பாடசாலைகள் பிறந்த வரிசையைப் பாருங்கள். திரித்துவக் கல்லூரி 1872. கேர்ள்ஸ் ஹைஸ்கூல் 1879. தர்மராஜ 1887. ஹில்வூட் 1890. கிங்ஸ்வூட் 1891. மகாமாயா 1932. இவை பெரும்பாலும் சோடி சோடியாக வந்தவை. சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனுக்குப் பையன்களுக்குத் திரித்துவம், பெண்களுக்கு ஹில்வூட். மெதடிஸ்தரிடம் கேர்ள்ஸ் ஹைஸ்கூல் ஏற்கெனவே இருந்தது. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் தன் முயற்சியில் தொடங்கிய கிங்ஸ்வூட் சில ஆண்டுகளில் அவர்கள் கைக்கே போனது. பௌத்தர்களுக்குத் தர்மராஜவும் மகாமாயாவும். கத்தோலிக்கருக்கும் இதே மாதிரி. ஆணையும் பெண்ணையும் பிரித்தால் கணிதம் நன்றாக ஏறும் என்று அன்று எவரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. இங்கிலாந்தில் அப்படி நடந்தது, இங்கேயும் அப்படி நடத்தினார்கள். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு, குறிப்பாக விடுதியில் விடத் தயங்கியவர்களுக்கு, பெண்கள் மட்டும் என்ற மதில் ஒரு தைரியம். யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான்: 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை, 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய இராமநாதன் கல்லூரி. அந்த மதில் இல்லாவிட்டால் அன்று பல பெண்கள் எழுத்தே கற்றிருக்க மாட்டார்கள். அந்தப் புண்ணியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பாடசாலைகளுக்கு அந்த மதிலோடு சேர்ந்து வந்தவை எவை என்று பாருங்கள். ஆங்கில மொழி, கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்கள், நகரத்து நிலம், ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு மைதானம், நூறு வருடப் பழைய மாணவர் சங்கம், ஒரு கூரை ஒழுகினாலும் லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் வந்து விழும் பணம்.

இனி நம் பக்கத்துக்கு வாருங்கள். வத்தேகமயிலிருந்து பன்வில, மடுல்கலை என்று மேலே ஏறினால் தோட்டங்கள். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நடந்தது என்ன? ஒரு நீள அறை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே கூரைக்குக் கீழே. பையனும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லையென்றால் பெண் பிள்ளையின் படிப்பு முதலில் நிற்கும். அரசு இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். திரித்துவக் கல்லூரிக்கும் இவற்றுக்கும் இடையில் நூறு வருடம்!

இவை கலவன் பாடசாலைகளானது கொள்கையால் அல்ல. இருநூறு பிள்ளைகள் உள்ள ஊரில் இரண்டு பாடசாலை கட்ட முடியாது, அவ்வளவுதான். இன்றைக்கும் நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கலவன்தான். ஆக, ஏழைப் பாடசாலைகள் ஏறக்குறைய எல்லாம் ஒரு பக்கத்திலும் பழைய பணக்காரப் பாடசாலைகளில் பெரும்பகுதி மறுபக்கத்திலும் நிற்கின்றன. இந்த இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் ஆண்-பெண் சேர்க்கை என்று சொன்னால், வறுமை சிரித்துக்கொண்டு தப்பிவிடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். இதற்கு ஆய்வாளர்கள் தெரிவு விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாடசாலை பிள்ளையை வளர்ப்பதற்கு முன்பே, வளர்ந்த பிள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொள்வதால் வரும் வித்தியாசம் என்று அர்த்தம். உங்கள் மகளே அதற்குச் சாட்சி. தரம் 5 பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகள் கண்டிக்குப் போவார்கள். மற்றவர்கள் ஊரிலேயே தரம் 6க்குப் போவார்கள். ஆறு வருடம் கழித்து சாதாரண தரப் பெறுபேறு வரும்போது கண்டிப் பாடசாலை மேலே நிற்கும். நிற்காவிட்டால்தான் ஆச்சரியம். நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிப் போட்டுவிட்டு, தேயிலை மணக்கிறதே என்று கூடையைப் புகழ்வது போன்றது இது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புலமைப்பரிசிலின் வேர், அன்று கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் திட்டத்தில் இருக்கிறது. 1940களில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு எடுத்து, விடுதியில் வைத்து, இலவசமாகப் படிப்பிக்கத்தான் அது வந்தது. அந்த மத்திய கல்லூரிகள் பெரும்பாலும் கலவன். நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஈடாகக் கிராமத்திலேயே நல்ல ஆசிரியர், ஆய்வுகூடம், விடுதி எல்லாம் கொடுத்தார்கள். பையனும் பெண்ணும் சேர்ந்தே படித்து, வைத்தியர்களாகவும் பேராசிரியர்களாகவும் வந்தார்கள். நகரத்துக்குப் போகத் தேவையில்லை என்பதற்காகத் தொடங்கிய பரீட்சையை இன்று நகரத்துக்குப் போகும் டிக்கெட்டாக ஆக்கிவிட்டோம்.

சரி, பணத்தையும் தெரிவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சும்? இதை உலகத்தில் பலர் அளந்திருக்கிறார்கள். 2014இல் பால்கி, ஹைட், அலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணி, முன்னைய மதிப்பெண் போன்றவற்றைக் கணக்கில் எடுக்காத ஆய்வுகளில் ஒற்றைப்பால் பாடசாலைகளுக்குக் கொஞ்சம் மேன்மை தெரிந்தது. கணக்கில் எடுத்த ஆய்வுகளில் அந்த மேன்மை ஏறக்குறைய கரைந்துபோனது.

இதோடு முடித்தால் நான் ஒரு பக்கத்தை மட்டும் பேசியவன் ஆவேன். எதிர்ப்பக்கத்திலும் இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. தென்கொரியாவின் சோல் நகரில் 1974 முதல் எந்தப் பிள்ளை எந்த உயர்நிலைப் பாடசாலைக்குப் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பெற்றோர் கையில் தெரிவு இல்லை. அங்கே ஒற்றைப்பால் பாடசாலைகளுக்கு ஓரளவு மேன்மை தெரிந்தது. ஆனால் அவற்றில் தனியார் நிர்வாகத்தில் இருந்தவை அதிகம் என்பதால், மேன்மை எதிலிருந்து வந்தது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டாவது சாட்சி ட்ரினிடாட். நம்மைப் போலவே வெள்ளைக்காரன் விட்டுப்போன மிஷன் பாடசாலைகள் உள்ள தீவு. நம் தோட்டத்து முன்னோரைப் போலவே இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததிகள் வாழும் இடம். அங்கே 2010இல் அரசு 20 கலவன் பாடசாலைகளை ஒற்றைப்பால் பாடசாலைகளாக மாற்றியது. சில ஆண்டுகளில் பெறுபேறு உயர்ந்ததாக கிராபோ ஜாக்சன் என்ற பொருளியலாளர் கண்டார். ஆனால் அதே ஜாக்சன் அதற்கு முன், அந்தத் தீவிலேயே செய்த ஆய்வில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒற்றைப்பால் பாடசாலையால் நன்மை இல்லை, அதை மனதார விரும்பிக் கேட்ட பெண் பிள்ளைகளுக்கே நன்மை என்று கண்டிருந்தார். உங்கள் கடிதத்தில் நாத்தனாரின் விருப்பம் தெளிவாக இருக்கிறது. மகளின் விருப்பத்தையும் கேட்டு வையுங்கள். அது வெறும் மரியாதைக்காகக் கேட்பது அல்ல.

என் கணிப்பு இது: ஒற்றைப்பால் என்பதால் வரும் நன்மை இருந்தாலும் சின்னது. கணித ஆசிரியர் இருக்கிறாரா இல்லையா என்பதால் வரும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

ஒரு விஷயத்தில் மட்டும் மகளிர் கல்லூரிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அது பாடத் தெரிவு. 1958இல் பிறந்த பிரித்தானியப் பிள்ளைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வை வைத்து அலிஸ் சல்லிவனும் சகாக்களும் கண்டது, பெண்கள் பாடசாலையில் படித்த பெண்கள் கணிதம், விஞ்ஞானம் பக்கம் கூடுதலாகப் போனார்கள் என்பது. நம் ஊர்க் கலவன் பாடசாலையில் ஒரு விழா நாளன்று காலையில் போய் நில்லுங்கள். மேடை கட்டுவதும் ஸ்பீக்கருக்கு வயர் இழுப்பதும் பையன்கள். பெண் பிள்ளைகள் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடும் பன்னீர்ச் செம்போடும் நிற்பார்கள். மகளிர் கல்லூரியில் வயர் இழுக்கவும் பெண்தான், ஏணியில் ஏறவும் பெண்தான். வேறு ஆள் இல்லை. தரம் 10இல் தொகுதிப் பாடம், அதாவது கட்டாயப் பாடங்களுக்கு மேல் பிள்ளை தானாகத் தெரிவு செய்யும் பாடம், எடுக்கும்போதும் இதே கதைதான். கலவன் பாடசாலையில் யாரும் வாய்திறந்து சொல்லாமலே பெண்கள் மனைப்பொருளியல் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் பெண்கள் பாதிக்கு மேல் இருந்தும் பொறியியல் பீடத்தில் இன்னும் ஆண்கள் கூட்டமே இருப்பதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் இது மதிலால் மட்டும் தீர்கிற வியாதி அல்ல. பெண்ணிடம் வயரைக் கொடுக்கிற ஓர் ஆசிரியர் கலவன் பாடசாலையில் இருந்தாலும் போதும்.

நாத்தனாரின் இன்னொரு கவலை, கவனச் சிதறல். அவர் காதலைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்டியில் பாடசாலை விட்டபின் நடப்பதை அவர் கொஞ்சம் கவனித்தால் நல்லது. ஒன்றரை மணி வரை மதிலுக்குள் தனித்தனியே இருந்த பிள்ளைகள், மூன்று மணிக்கு ஒரே டியூஷன் வகுப்பில் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் நிலையத்திலும் அதே முகங்கள். சின்ன வயதிலிருந்து பக்கத்து வாங்கில் மூக்கு ஒழுகப் பார்த்த பையனிடம் வராத கூச்சம், டியூஷனில் முதல்முறை பார்க்கும் பையனிடம்தான் வரும். இதற்கு ஆய்வு தேவையில்லை. பதின்ம வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் கேட்கலாம்.

ஆக, கண்டியா வத்தேகமயா என்பதைத் தீர்மானிக்க நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. முதலில் பாடசாலையின் வகை. நம் கல்வி அமைச்சு பாடசாலைகளை வகைப்படுத்தியிருக்கிறது: 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் உண்டு, 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் கலை, வர்த்தகம் மட்டும், வகை 2 என்றால் தரம் 11 வரைதான். மகளின் இன்றைய பாடசாலை எந்த வகை, கண்டியில் கிடைக்கும் பாடசாலை எந்த வகை என்று பாருங்கள். அதிலும் தமிழ்மொழி மூலத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பாடசாலையின் பெயர் பெரிதாக இருக்கும், சிங்கள மொழி மூலத்தில் எல்லாப் பிரிவும் இருக்கும், தமிழில் இருக்காது. இது மலையகத்துப் பெற்றோர் கடைசி நேரத்தில் கண்டுபிடித்துத் தவிக்கிற விஷயம். பலகையில் 1ஏபி என்று இருந்தும் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இல்லாத பாடசாலைகளும் உண்டு. அதிபரிடம் “கணிதத்துக்கு யார்? எத்தனை வருடமாக இருக்கிறார்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

பெறுபேற்றைக் கேட்கும்போது, கூட்டிய பெறுமதியைக் கேளுங்கள். எந்த நிலையில் எடுத்த பிள்ளையை எந்த நிலைக்குக் கொண்டுபோனார்கள் என்ற கணக்கு அது. புலமைப்பரிசிலில் 160 எடுத்த பிள்ளையை 9 ஏ எடுக்க வைப்பது நல்லதுதான். 90 எடுத்த பிள்ளையை எல்லாப் பாடமும் சித்தியடைய வைத்த பாடசாலையின் ஆசிரியர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். பத்திரிகையில் படம் வருவது என்னவோ முதலாவது பிள்ளைக்குத்தான்.

பிறகு பாதை. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கும். கண்டி நகரத்துக்குள் பாடசாலை நேர வாகன நெரிசல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாத்தளை ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, வேனும் இருக்கிறது. எதில் போனாலும் பத்து வயதுப் பிள்ளை விடியுமுன் எழும்ப வேண்டும். வேன் கட்டணத்தை மாதக் கணக்காகப் பார்க்காமல் எட்டு வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்றும் யோசியுங்கள்.

இன்னும் ஒன்று, இதை அம்மாக்கள்தான் பார்க்க வேண்டும்: மலசலகூடம். பெண் பிள்ளைகளுக்குத் தனியே உண்டா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? வயதுக்கு வந்தபின் மாதத்தில் சில நாள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகளின் கதை பல இடங்களில் இங்கேதான் தொடங்குகிறது. கலவன் பாடசாலைமேல் எனக்கு நியாயமான குறை இருக்குமானால் அது இதுதான். அதிலும் குறை பையன்கள் இருப்பதில் இல்லை; கட்டடத்துக்குக் காசு ஒதுக்கியவர் இதை நினைக்காததில்.

உங்கள் இன்றைய பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிலையான ஆசிரியர் இருந்து, தரம் 11 வரை நம்பிக்கையாகக் கொண்டுபோவார்கள் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற்ற மாட்டேன். இல்லையென்றால் கண்டிக்கு அனுப்புங்கள். ஆசிரியருக்காக அனுப்புங்கள், அந்தப் பாடசாலை மகளிர் கல்லூரியாக இருந்தாலும் சரி, கலவனாக இருந்தாலும் சரி. தரம் 6 அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. வத்தேகம வலயக் கல்விப் பணிமனையில் திகதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை மாற்றாவிட்டால் எல்லாம் போயிற்று என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், உயர்தரத்துக்கு வேறு பாடசாலைகளுக்குத் தரம் 12இல் விண்ணப்பிக்கலாம்.